அன்றன்றைக்கு ஓர் அப்பம்

(1 அரசர் 19, 1-8)



“செபிக்கவும் மனம் வருகுதில்லை, சுவாமி. இருந்தாலும் யோசனை, படுத்தாலும் யோசனை. விடிஞ்சால் எதிலை துவங்கிறதெண்டு தெரியேல்லை.” வீடு சந்திக்கப் போகும் எந்தக் குருவானவருக்கும் இது புதிய பேச்சன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவோடிரவாக வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் இப்படிப் பேசினார்கள். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்து பிள்ளைகளைக் கொண்டுபோன கரைகளிலும், 2009ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின் முகாம் கூடாரங்களிலும் இதே பேச்சுத்தான். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் உறவுகளை இழந்தவர்களும், 2025ஆம் ஆண்டு நவம்பரில் டித்வா புயலின்போது வெள்ளத்திலும் மண்சரிவிலும் வீடு வாசல் இழந்தவர்களும் வேறென்ன சொல்வார்கள்? இவ்வளவு பெரிய அழிவு வேண்டியதுமில்லை. வெளிநாட்டுக்குப் போன மகனிடமிருந்து மூன்று மாதமாகச் செய்தியில்லை என்றாலும், வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தாலும், வைத்தியர் ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிட்டாலும், மனிதனுடைய காலடி நிலம் ஆட்டங் கண்டு விடுகின்றது.

இவர்களுக்கு நாம் சொல்லும் ஆறுதல் என்ன? பெரும்பாலும் பெரிய வார்த்தைகள். “எல்லாம் ஆண்டவருடைய சித்தம்” என்கின்றோம். “விசுவாசத்தை விடாதேயுங்கோ” என்கின்றோம். சொன்னவர் வீட்டுக்குப் போய்விடுவார். கேட்டவரோ அந்த இரவையும் அடுத்த காலையையும் கடக்க வேண்டியவராய் இருக்கின்றார். விசுவாசத்தை விடாமலிருப்பது என்றால் காலை ஆறு மணிக்கு அது என்ன செய்வது? நண்பகலில் என்ன செய்வது? இரவு ஒன்பது மணிக்கு என்ன செய்வது? இன்று நாம் சிந்திக்கப்போவது இந்தச் சிறிய கேள்வியைத்தான். திருமறை நூலில் இதற்கு மிகத் தெளிவான மறுமொழி இருக்கின்றது. அதில் விசேஷம் என்னவென்றால், அந்த மறுமொழி ஒரு போதனையாக வராமல், சாப்பாடாக வந்திருக்கின்றது.

எலியா இறைவாக்கினரின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். கார்மேல் மலையிலே, பாகாலின் பொய்வாக்கினர் அத்தனை பேருக்கும் முன்பாகத் தனியொருவராய் நின்று வெற்றி கண்டவர் அவர். வானத்திலிருந்து நெருப்பை இறக்கிய செபம் அவருடைய செபம். அப்படிப்பட்டவர் அடுத்த அதிகாரத்திலே யேசபெல் அரசி விடுத்த ஒரு மிரட்டற் செய்தியைக் கேட்டதும் உயிருக்குப் பயந்து ஓடுகின்றார். பெயேர்செபாவில் தம் பணியாளனையும் விட்டுவிட்டு, ஒரு நாள் வழி பாலைநிலத்துக்குள் நடந்து, ஒரு சூரைச் செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற கருத்துப்பட மன்றாடுகின்றார். பிறகு அப்படியே படுத்து உறங்கிவிடுகின்றார்.

தைரியமற்ற ஒருவர் இப்படிச் செய்திருந்தால் நாம் ஆச்சரியப்படமாட்டோம். ஆனால் இவர் எலியா. பெரிய விசுவாசமுள்ளவர்களும் களைத்துப் போவார்கள், வாழ்வு வேண்டாம் என்று சொல்லுமளவுக்குக் களைத்துப் போவார்கள் என்பதைத் திருமறை மறைக்கவில்லை. இதை நம் வீடுகளில் யாரேனும் சொன்னால் உடனே, “விசுவாசம் காணாது” என்று தீர்ப்பிட்டுவிடுகின்றோம். இறைவன் அப்படித் தீர்ப்பிடவில்லை.

அவர் என்ன செய்தார்? வானதூதரை அனுப்பினார். வானதூதர் எலியாவோடு வாதாடவில்லை. கார்மேலில் நடந்ததை மறந்துவிட்டாயோ என்று கேட்கவில்லை. அவரைத் தொட்டு எழுப்பி, உண்ணச் சொன்னார். தலைமாட்டிலே தணலில் சுட்ட ஓர் அப்பமும், ஒரு குவளை தண்ணீரும் இருந்தன. எலியா உண்டார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். உண்டவுடன் எழுந்து ஓடினார் என்று எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வானதூதர் இரண்டாம் முறையும் வந்தார், மறுபடியும் தொட்டார், மறுபடியும் உண்ணச் சொன்னார். வழி நெடுந்தூரம் என்பது ஒன்றுதான் அவர் கொடுத்த விளக்கம். அந்த உணவின் வலுவினால் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். மெல்லிய குரலில் இறைவன் பேசியதும், புதிய பணி கொடுத்ததும், தனியனல்ல, பாகாலை வணங்காத ஏழாயிரம் பேர் உண்டு என்று தெரிவித்ததும் எல்லாம் அதற்குப் பிறகே. முதலில் உறக்கமும் அப்பமும் தண்ணீரும். எலியாவைப் படைத்தவருக்கு எலியாவின் உடல் எப்படிப்பட்டது என்று தெரியாதா?

ஆகவே, துன்பவேளையில் நேரத்துக்குச் சாப்பிடுவதையும், இயன்றமட்டும் உறங்குவதையும், முகம் கழுவி வேறு உடுப்பு உடுத்துவதையும் உலக காரியம் என்று தள்ளிவிட வேண்டாம். செத்தவீடு முடிந்து உறவினர் எல்லாரும் போன பின்பு, “ஒருவாய் எடுங்கோ அம்மா” என்று கஞ்சிக் கோப்பையோடு நிற்கின்ற அயல்வீட்டுப் பிள்ளை செய்வது அந்த வானதூதர் செய்த அதே வேலைதான்.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாலைநிலத்திலே இஸ்ராயேல் மக்களுக்கு மன்னா கிடைத்தபோது அளவு குறிக்கப்பட்டிருந்தது. அன்றைக்கு வேண்டியதை அன்று பொறுக்க வேண்டும். அடுத்த நாளுக்கென்று ஒளித்து வைத்தவர்களின் மன்னாவில் புழு வைத்தது என்று யாத்திராகமம் கூறுகின்றது. ஓய்வுநாளுக்கு முந்திய நாள் மட்டும் இரட்டிப்பு. நாற்பது ஆண்டு இப்படி நடந்தது. நம் ஆண்டவர் கற்பித்த செபத்திலும் “இன்று” என்ற ஒரு சொல் இருக்கின்றது. வருகிற வருடத்துக்குரிய உணவை இன்றே தாரும் என்று கேட்க அவர் நமக்குக் கற்பிக்கவில்லை. ஆனால் நம்முடைய கவலையோ வருகிற பத்து வருடங்களையும் இன்றிரவே சுமக்கப் பார்க்கின்றது. பத்து வருடத்துக்குரிய சுமை இன்றைக்கு வந்துவிடுகின்றது. பத்து வருடத்துக்குரிய பெலனோ இன்றைக்கு வருவதில்லை. நாம் மூச்சுத் திணறுவது இதனாலேதான்.

இந்த உண்மையை நம்முடைய காலத்திலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கின்றார். வியட்நாம் நாட்டைச் சேர்ந்த கர்தினால் பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான் அவர்களைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1928ஆம் ஆண்டு பிறந்தவர். நா திராங் மறைமாவட்டத்தின் ஆயராக எட்டு வருடம் உழைத்தவர். 1975ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் சாய்கோன் நகரின் இணைப் பேராயராக நியமிக்கப்பட்டார். ஒரு வாரத்துக்குள் சாய்கோன் வீழ்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி, தேவதாயாரின் விண்ணேற்புத் திருநாளன்று, அவர் கைதுசெய்யப்பட்டார். விசாரணையில்லை, தீர்ப்பில்லை. பதின்மூன்று வருடம் சிறையிலும் காவலிலும் கழிந்தது. அதில் ஒன்பது வருடம் தனிமைச் சிறை. 1988ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் திகதிதான் விடுதலையானார்.

நாற்பத்தேழு வயது, உழைக்கின்ற வயது. ஆலயங்கள், குருமடங்கள், கன்னியர் மடங்கள், அகதிகள் என்று கைநிறைய வேலை வைத்திருந்த ஒருவரைப் பிடித்து நான்கு சுவருக்குள் அடைத்துவிட்டார்கள். என் மக்கள் என்ன ஆனார்கள், நான் தொடங்கிய வேலைகள் என்ன ஆயின என்ற எண்ணம் ஆரம்பத்தில் அவரை இரவும் பகலும் வதைத்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கின்றார். இறைவன் வேறு, இறைவனுக்காக நான் செய்யும் வேலைகள் வேறு என்பது அந்த வேதனையின் நடுவேதான் அவருக்கு வெளித்தது. வேலைகளைப் பறித்துவிட்டார்கள், இறைவனைப் பறிக்கவில்லை. பிறகு அவர் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். விடுதலை நாளை எண்ணிக்கொண்டு காத்திருப்பதில்லை. கையில் இருக்கும் இந்த வேளையை அன்பினால் நிரப்பி வாழ்வது.

தீர்மானம் பெரியது. செய்தவையோ சிறியவை. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். கைதான முதல் நாட்களில் உடுப்பும் பற்பசையும் அனுப்பும்படி எழுத அனுமதி கிடைத்தது. வயிற்று நோவுக்கு மருந்தாகக் கொஞ்சம் முந்திரிகை இரசமும் அனுப்பும்படி எழுதினார். விசுவாசிகள் விளங்கிக்கொண்டார்கள். சின்னப் போத்தலில் பூசை இரசத்தை ஊற்றி, வயிற்று மருந்து என்று ஒட்டி அனுப்பினார்கள். ஈரம் படாதபடி ஒரு கைமின்விளக்குக்குள் அப்பங்களை ஒளித்து அனுப்பினார்கள். அன்று முதல் ஒவ்வொரு நாளும், உள்ளங்கையில் மூன்று துளி இரசமும் ஒரு துளி தண்ணீரும் வைத்து, மனப்பாடமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பீடம் அவருடைய கை. பேராலயம் அந்த அறை. பிற்பாடு ஐம்பது பேர் கொண்ட குழுவாக அடைக்கப்பட்டிருந்த முகாமிலே, இரவு விளக்கணைந்த பின் படுக்கையில் குனிந்தபடி பூசை செய்து, நுளம்பு வலைக்கடியால் கை நீட்டி அருகிலிருந்த கத்தோலிக்கருக்கு நற்கருணை வழங்கினார். வெற்றுச் சிகரெட் பெட்டித் தாளில் சிறு பைகள் செய்து அதில் நற்கருணையை வைத்திருந்தார்கள்.

காவலில் இருந்த முதல் மாதங்களில், ஒரு சிறுவன் கொண்டுவந்து கொடுத்த பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தம் மக்களுக்குச் சிறு சிறு வசனங்களாக எழுதி அனுப்பினார். ஒரேயடியாக ஒரு நூல் எழுதுவோம் என்று அவர் அமரவில்லை. ஒவ்வொரு இரவும் கொஞ்சம். அது பிற்காலத்தில் ஆயிரத்தொரு சிந்தனைகள் கொண்ட நூலாயிற்று. காவலாளிகளோடு பேச்சு வைத்து, மொழிகள் படிப்பித்து, அவர்களை நண்பராக்கினார். ஒரு காவலாளி கண்ணை மூடிக்கொள்ள, ஒரு சிறு மரச் சிலுவை வெட்டிச் சவர்க்காரக் கட்டிக்குள் ஒளித்து வைத்தார். மற்றொரு காவலாளியின் உதவியோடு மின்கம்பித் துண்டுகளால் அதற்குச் சங்கிலி செய்தார். ஆயராகவும் கர்தினாலாகவும் வெளியுலகில் அவர் அணிந்திருந்தது அந்தச் சிலுவையையே.

இவருக்கும் செபிக்க முடியாத நாட்கள் இருந்தன. பசியாலும் நோயாலும் ஒரு மங்கள வார்த்தை மந்திரத்தைக்கூட முழுதாகச் சொல்ல முடியாத நாட்கள். அந்நாட்களில் தம் பெயரைச் சொல்லி, யேசுவே இதோ இருக்கிறேன் என்பது போல மட்டும் இருந்துவிடுவாராம். அதுவும் செபமே. 2000ஆம் ஆண்டு தவக்காலத்தில் பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பருக்கும் வத்திக்கான் அதிகாரிகளுக்கும் தியானம் கொடுத்தவர் இவர்தான். 2002இல் உரோமையில் இறந்தார். 2017இல் திருச்சபை இவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

மூன்று துளி இரசம், ஒரு கலண்டர் தாள், காவலாளிக்கு ஒரு புன்சிரிப்பு. இவை அவரைப் பதின்மூன்று வருடம் நிமிர்த்தி வைத்திருந்தன.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். துன்பம் வந்தவுடன் பெரிய நேர்த்திகளைச் செய்வது நம்மவர் வழக்கம். நாற்பது நாள் ஒருசந்தி, ஒவ்வொரு நாளும் நூற்றைம்பத்து மூன்று மணிச் செபமாலை, திருமறை நூல் முழுவதையும் வாசித்து முடிப்பது. நான்காம் நாள் முடியாமற் போய்விடும். பிறகு, “இதைக்கூடச் செய்ய எனக்கு இயலேல்லை” என்ற வருத்தம் முந்திய துன்பத்தோடு சேர்ந்துகொள்ளும். நேர்த்தியை நான் பழிக்கவில்லை. ஆனால் களைத்திருப்பவருக்கு வேண்டியது அவர் தூக்கக்கூடிய பாரம். ஒரு பத்து மணி செபமாலை, தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில். அது போதும்.

காலையில் முதற் காரியம் என்ன? இப்போதெல்லாம் கண் விழித்ததும் படுக்கையில் கிடந்தபடியே கைத்தொலைபேசியைத் தேடுகின்றோம். சிலுவை அடையாளம் வரையும் முன்பே உலகத்தின் அத்தனை சாவுகளும் நெஞ்சுக்குள் வந்து குவிந்துவிடுகின்றன. செய்தி அறிய வேண்டாம் என்பதல்ல. யுத்த காலத்தில் வானொலிச் செய்திக்காகக் காத்திருந்தவர்கள்தானே நாம். ஆனால் அந்நாளில் செய்திக்கு ஒரு நேரம் இருந்தது. முடிந்ததும் பெட்டியை மூடிவிட்டு எழும்பினோம். இதற்கு மூடும் நேரம் இல்லை. ஆகவே நாமே ஒரு நேரம் வைக்க வேண்டும். எழுந்ததும் பாதங்களை நிலத்தில் ஊன்றி, சிலுவை அடையாளம் இட்டு, இந்த நாளை மட்டும் தாரும் என்று கேட்டு, முற்றத்துக்கு இறங்குங்கள்.

முற்றம் கூட்டுவது சிறு காரியமா? எங்கள் தாய்மார் இடம்பெயர்ந்து போய் இருந்த மர நிழலிலும், தறப்பாள் கொட்டிலிலும் கூட, விடிந்ததும் ஒரு தும்புத்தடியோ ஒரு கொப்போ எடுத்து அந்த நான்கு முழ நிலத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்ததை நாம் கண்டிருக்கின்றோம். நாளைக்கு அங்கேயிருந்தும் எழும்ப வேண்டி வரலாம். இருந்தும் கூட்டினார்கள். பிறகு ஒரு மூலையில் மடுமாதாவின் படத்தைச் சாய்த்து வைத்தார்கள். அதன் பிறகே அது ஒரு வீடாயிற்று. கையும் கண்ணும் ஒரு வேலையில் இருக்கும்போது மனத்தின் ஓட்டம் தணிவதை அவர்கள் எந்த நூலிலும் படித்து அறிந்தவர்களல்லர். 1928ஆம் ஆண்டு தோலகட்டியில் அருட்தந்தை தோமஸ் அ.ம.தி. அவர்கள் செபமாலைத் தாசர் சபையை ஆரம்பித்தபோது, மௌனத்தோடும் செபமாலையோடும் கைத்தொழிலையும் சேர்த்தே வைத்தார். அங்கே செய்யப்பட்ட நெல்லி இரசத்தைக் குடித்த எத்தனை பேர் அதற்குப் பின்னால் இருந்த செபத்தை நினைத்தோமோ தெரியாது.

நண்பகலுக்கு ஒரு மணி உண்டு. திரிகால மணி என்று சொல்கின்றோம். அதிலும் மதிய மணிக்கு ஒரு வரலாறு இருக்கின்றது. 1456ஆம் ஆண்டு, பெல்கிரேட் நகரைத் துருக்கிய படை முற்றுகையிட வந்தபோது, ஐரோப்பா முழுவதும் கலங்கியிருந்தது. அப்போது பாப்பரசர் 3ஆம் கலிஸ்து, நாள்தோறும் பகல்வேளையில் ஆலயமணி அடித்து மக்கள் செபிக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். கலக்கமான காலத்தில் பிறந்த மணி அது. இன்று பல பங்குகளில் அது கேட்பதில்லை. கேட்டாலும் வாகனச் சத்தத்தில் அமிழ்ந்துவிடுகின்றது. கடையில் நிற்பவர், வயலில் நிற்பவர், வகுப்பில் நிற்பவர், மணி கேளாவிட்டாலும் பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிடம் நிற்கலாம். யேசுவின் நாமத்தைச் சொல்லி மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விட்டால், படபடக்கும் நெஞ்சு அமைவதை அனுபவத்தில் காண்பீர்கள். வைத்தியர்களும் இதையே சொல்லுகின்றார்கள்.

இந்தப் பழக்கங்களைத் துன்பம் வருமுன்பே தொடங்குவது நல்லது. தானியேலைப் பாருங்கள். முப்பது நாளைக்கு அரசனைத் தவிர வேறு எவரையும் நோக்கி மன்றாடக் கூடாது என்று கட்டளை பிறந்தது. தானியேல் தம் மேல்மாடி அறைக்குப் போய், யெருசலேமை நோக்கித் திறந்திருந்த சாளரத்தின் முன் முழந்தாளிட்டு, ஒரு நாளில் மூன்று தரம் செபித்தார். இங்கே திருமறை ஒரு சிறு குறிப்பைச் சேர்க்கின்றது: அவர் முன்பும் இப்படியே செய்து வந்தாராம். சிங்கக் குகையைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று ஒரு புதிய வீரச் செயலை அவர் தேட வேண்டியிருக்கவில்லை. நேற்றுச் செய்ததையே இன்றும் செய்தார்.

இரவுக்குரியது ஆத்தும சோதனை. நம்மில் பலர் அதைப் பாவக் கணக்கு என்றே நினைத்து வளர்ந்தோம். புனித இஞ்ஞாசியார் வகுத்த ஒழுங்கில் முதற்படி நன்றி கூறுதல். குற்றம் பார்ப்பது அதற்குப் பிறகே. பம்பலோனாக் கோட்டையில் 1521ஆம் ஆண்டு பீரங்கிக் குண்டினால் கால் உடைந்து, மாதக்கணக்காய்ப் படுக்கையில் கிடந்தவர் அவர். தம் மனத்தில் எழும் எண்ணங்களில் எது சமாதானத்தை விட்டுச் செல்கின்றது, எது வெறுமையை விட்டுச் செல்கின்றது என்று கவனிக்கத் தொடங்கியது அந்தப் படுக்கையிலேதான். நீங்களும் படுக்குமுன், இன்றைக்குக் கிடைத்த ஒன்றைப் பெயர் சொல்லி நினைத்துப் பாருங்கள். அடுத்த வீட்டார் தந்த முருங்கைக்காய். பேரப்பிள்ளையின் பேச்சு. காய்ச்சல் இறங்கிய ஒரு மணித்தியாலம். ஒன்றுமே அகப்படவில்லை என்றால், அதையும் அவரிடமே சொல்லுங்கள். பிறகு உறங்கப் போங்கள். சிலுவையில் தொங்கிய யேசு தம் உயிரைத் தந்தையின் கைகளில் ஒப்படைத்த அந்தச் சொற்களைத் திருச்சபை ஒவ்வொரு இரவும் உறங்கப் போகும் செபத்தில் வைத்திருக்கின்றது. இறப்பதற்குரிய வார்த்தைகளே நமக்கு உறங்குவதற்கும்.

இதையெல்லாம் கேட்டு ஒருவர், “அநியாயம் நடக்கும் நாட்டில் முற்றம் கூட்டச் சொல்லுகின்றீரா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பந்தலிட்டு அமர்ந்தார்கள். வருடக்கணக்காக அந்தப் போராட்டம் நீண்டது. செத்த வீட்டுக்கு ஒரு முடிவு உண்டு. முப்பத்தோராம் நாள் உண்டு, ஆட்டைத் திருநாள் உண்டு. இவர்களுடைய துயரத்துக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை. “மனத்தை ஆற்றிக்கொள்ளுங்கோ” என்று இவர்களுக்குச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை, சபைக்கும் இல்லை. நீதி கிடைக்கும்வரை கேட்கவேண்டியது நீதியே. ஆனால் அத்தாய்மாரே நமக்குக் காட்டிய ஒன்று உண்டு. காலையில் எழுந்து, குளித்து, பிள்ளையின் படத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு, பேருந்தேறி வந்து அமர்வது. மாலையில் வீடு திரும்பி அடுப்பு மூட்டுவது. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் அத்தனை வருடம் நீதி கேட்டிருக்கவும் முடியாது. ஓரேபு மலைக்குப் போக வேண்டியிருந்தபடியால்தான் எலியாவுக்கு அப்பம் கொடுக்கப்பட்டது.

இன்னொன்று, இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாரக்கணக்காக உறக்கமின்றி, உணவின்றி, எவரோடும் பேசாமல், எலியாவைப் போலச் சாவை விரும்பிப் பேசுகின்ற ஒருவர் வீட்டில் இருந்தால், அவரைச் செபக் கூட்டத்துக்கு மட்டும் கூட்டிக்கொண்டு திரியாதேயுங்கள். கால் முறிந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் நாம், மனம் முறிந்தால் ஏன் மறைக்கின்றோம்? அரசாங்க வைத்தியசாலைகளில் மனநல வைத்தியர்கள் இருக்கின்றார்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். மருந்தும் இறைவன் தந்ததே. அயலார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி ஒரு பிள்ளையை இழக்க வேண்டாம்.

மேலே சொன்ன எதையும் செய்ய முடியாதபடி சோர்ந்திருப்பவர்களும் நம் பங்குகளில் இருக்கின்றார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர்கள். அவர்களுக்குப் பழக்கங்களைப் போதிக்க வேண்டாம். அவர்களுக்காக அந்தப் பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்வோம். அன்பிய வட்டத்தில் இருப்பவர்களே, உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். இன்று பொழுதுபடுமுன் ஒரு கோப்பை தேத்தண்ணியோ இரண்டு இடியப்பமோ கொண்டு அங்கே போங்கள். கேள்வி ஒன்றும் கேட்க வேண்டாம். வாசற்படியில் இருந்து, அவர்கள் சொல்ல முடியாத அந்தப் பத்து மணியை அவர்களுக்காகச் சத்தமாய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். கதவு திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு நாளைக்கும் போங்கள், அதே நேரத்துக்கு.